முடத்தெங்கா? மலரா?

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் ஆசிரியர் ஒருவர், பள்ளி முடிந்த பின் தம் மாலைப்பொழுதை எவ்வாறு கழிக்க வேண்டும் என்று சொல்லப் பெற்றோருக்கு உரிமை உண்டா? தம் பாடத்தோடு தொடர்பில்லாத ஒன்றில் அவர் மனம் தோய்ந்திருப்பது மாணவர்க்கு இழப்பா, ஊதியமா? மேலோட்டமாக நோக்கின் சிறிய வினாவாகத் தோன்றும் இது, கல்வி என்பது யாது, கடமை என்பது எதுவரை என்னும் பெரிய வினாக்களோடு பிணைந்து கிடக்கிறது. இவ்வினாவை நான் நூல்களில் தேடிக் கண்டவன் அல்லேன். என் சொந்தத் தவறு ஒன்றே இதனை என் முன் கொண்டுவந்து நிறுத்தியது. ஆதலின் அதனை முதற்கண் கூறிவிடுகிறேன்.

கொல்கத்தாவில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றுகிறேன். என் மகள் இந்நகரத்துப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புப் பயில்கிறாள். அவளுக்குக் கணிதம் கற்பிப்பவர் முப்பது வயதை எட்டாத ஒரு வங்காள இளைஞர். அவருக்கு இரண்டு ஈடுபாடுகள் உண்டு. ஒன்று, இணையப் பக்கங்களை வடிவமைப்பது. மற்றொன்று, 'அனிமே' என்று இளைஞர்கள் வழங்கும் ஜப்பானிய அசைவூட்டப் படங்கள். பாடத்தின் ஊடே இவற்றைப் பற்றி அவர் பேசுவார். இரவு உணவின்போது என் மகள் அவற்றையெல்லாம் எங்களிடம் ஒப்பிப்பாள்.

அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. ஆசிரியரோ மாலையில் தனிவகுப்பு எதுவும் நடத்துவதில்லை. கேட்ட பெற்றோரிடம், 'மாலை நேரம் எனக்கு வேறு வேலைகள் உண்டு' என்று பணிவாக மறுத்துவிட்டார். அந்த வேறு வேலைகள் யாவை என்பது எங்கள் பிள்ளைகள் வாயிலாக எங்களுக்குத் தெரியும். பெற்றோர் சிலர் கூடிப் பேசினோம். தலைமையாசிரியருக்கு முறையீடு ஒன்று அளிப்பதென முடிவாயிற்று. வரைவு எழுதிப் பழகியவன் என்பதால் அப்பொறுப்பு என்னிடம் வந்தது. பாடத்திட்டத்திற்குப் புறம்பான பொழுதுபோக்குகளில் மேற்படி ஆசிரியர் காட்டும் நாட்டம் மாணவர் நலனுக்கு ஊறு விளைவிக்கக் கூடும் என்னும் கருத்துப்பட ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினேன். பதினொரு பெற்றோர் ஒப்பமிட்டனர். முதல் ஒப்பம் என்னுடையது.

ஒரு வாரத்திற்குள் பயன் தெரிந்தது. பாடநூலில் உள்ளதைத் தவிர வேறெதையும் அவர் வகுப்பில் பேசுவதில்லை என்று கேள்வியுற்றேன். கேள்வியுற்றதும் பிற பெற்றோர் வாயிலாகத்தான். ஏனெனில் என் மகள் இரவு உணவின்போது பள்ளியைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள். ஒருநாள் மட்டும், "அப்பா, அந்தக் கடிதத்தை எழுதியது நீங்களா?" என்று கேட்டாள். ஆம் என்றேன். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

நன்னூலார் காட்டும் உவமைகள்

அன்றிரவு என் நினைவுக்கு வந்தது, இளங்கலை வகுப்பில் நெட்டுருப் பண்ணிய நன்னூல். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவர் அந்நூலின் பாயிரத்தில் ஆசிரியர் ஆகத் தகாதவர்க்கு நான்கு உவமைகள் கூறுகிறார். கழற்காய் பெய்த குடம், மடல்களால் ஏற முடியாத பனை, பஞ்சு அடைத்த குடுக்கை, முடத்தெங்கு என்பன அவை. முடத்தெங்கு என்பது வளைந்த தென்னை. வேரில் நீர் ஊற்றியவன் ஒருவன். அது காயை உதிர்ப்பதோ அயலான் தோட்டத்தில். தம்மை வழிபட்டு நிற்பவர்க்கு அன்றிப் பிறர்க்குப் பயன் தரும் ஆசிரியரை அதற்கு ஒப்பிடுகிறார் நன்னூலார்.

என் முறையீட்டுக் கடிதத்தின் சாரம் இதுவே அல்லவா? கட்டணம் செலுத்துபவர் நாங்கள். ஆசிரியரின் ஆற்றலோ இணையப் பக்கத்திற்கும் ஜப்பானியப் படத்திற்கும் போகிறது. இலக்கணமே என் பக்கம் நிற்கிறது என்று ஒரு கணம் தேறினேன்.

ஆனால் அதே நூல் நல்லாசிரியர்க்கும் நான்கு உவமைகள் கூறுகிறது. நிலம், மலை, நிறைகோல், மலர். நிலத்தின் பொறுமையும், மலையின் பெருமையும், துலாக்கோலின் நடுநிலையும் ஆசிரியர்க்கு வேண்டும் என்பது எளிதில் விளங்குகிறது. மலர் எதற்கு? காண்போர் மகிழ்ந்து ஏற்கும் மென்மையும், உரிய பொழுதில் முகம் மலர்தலும் அதன் இயல்பு என்பது அங்குச் சொல்லப்படும் விளக்கம். அத்துடன் நூலறிவு மட்டும் போதாது, உலகியல் அறிவும் வேண்டும் என்று நன்னூலார் சேர்த்தே கூறுகிறார். முகம் மலராத ஆசிரியர் எத்துணை கற்றவராயினும் நான்கில் ஒரு பங்கு குறைந்தவர் என்பது இதனால் பெறப்படும். ஒருவருக்கு முகம் மலர்வது எப்போது? தாம் நேசிக்கும் ஒன்றைப் பற்றிப் பேசும்போது அன்றோ!

அவர் பேசியவை யாவை?

இனி, அவ்வாசிரியர் வகுப்பில் பேசியவற்றை எண்ணிப் பார்ப்போம். என் மகள் முன்னர் ஒப்பித்தவற்றை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்தபோது என் உள்ளம் குறுகியது.

கணினித் திரையில் ஒரு நிறத்தைக் குறிக்க ஆறு இலக்கங்கள் கொண்ட ஓர் எண் வழங்குகிறது. அது நாம் அன்றாடம் எழுதும் பத்தடிமான எண் அன்று, பதினாறடிமான எண். முதல் இரண்டு இலக்கம் சிவப்புக்கு, அடுத்த இரண்டு பச்சைக்கு, இறுதி இரண்டு நீலத்திற்கு. ஒவ்வொன்றும் சுழியம் முதல் 255 வரை செல்லும். ஆகவே 256-ஐ மும்முறை பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள். இதனை அவர் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது, அடிமானம் என்றால் என்னவென்று முதன்முறையாக விளங்கியதாக என் மகள் கூறினாள். நான் அப்போது தயிர்ச் சோற்றைப் பிசைந்தவாறு, 'இது தேர்வுக்கு வருமா?' என்று கேட்டேன்.

இணையப் பக்கத்தில் ஒரு படத்தைச் சேர்க்கும்போது, அப்படம் இன்னதென்று விளக்கும் சொற்குறிப்பு ஒன்றையும் உடன் எழுத வேண்டும் என்று அவர் மாணவர்க்குச் சொல்லியிருக்கிறார். பார்வையற்றோர் பயன்படுத்தும் மென்பொருள் அக்குறிப்பையே குரலாக்கிப் படிக்கும். குறிப்பு இல்லையேல் அவர்களுக்கு அவ்விடம் வெற்றிடம். இது வடிவமைப்பு மட்டுமா? நாம் காணாத ஒருவரை மனத்தில் நிறுத்திச் செயல்படுவது அறத்தின் தொடக்கம் என்று பட்டிமன்ற மேடைகளில் முழங்குகிறோம். அதனை அவர் ஒரு வரிக் குறிப்பாக எழுதப் பழக்கியிருக்கிறார்.

அசைவூட்டப் படங்களுக்கு வருவோம். திரைப்படத்தில் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. 1963 ஜனவரியில் ஒசாமு தெசுகா என்பவர் 'அஸ்ட்ரோ பாய்' என உலகறிந்த தொடரை ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கினார். அவர் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றும் படம் வரைவதையே தொழிலாகக் கொண்டவர். வாரந்தோறும் ஒரு பகுதி முடிக்கப் பணமும் போதாது, ஆளும் போதாது. எனவே ஒரே ஓவியத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தினர். நொடிக்கு எட்டே ஓவியங்கள். ஆயினும் கண் அதனை ஓட்டமாகவே கொள்கிறது. எவ்வளவு குறைத்தாலும் பொருள் கெடாது என்று கண்டறிவது கணக்கின் வேலையும் ஆகும் என்பது அவர் நடத்திய பாடம்.

'இவையெல்லாம் சிறு பிள்ளைகளின் பொம்மைப் படங்கள்' என்றே நானும் எண்ணியிருந்தேன். குற்றம் சாட்டிய பின்னராவது குற்றப்பொருளைப் பார்ப்போம் என்று, இசாவ் தகஹாட்டா 1988-இல் இயக்கிய ஒரு படத்தை ஓர் இரவு தனியே பார்த்தேன். 'மின்மினிகளின் கல்லறை' என்பது அதன் பெயரின் பொருள். 1945-இல் கோபே நகரின் மீது குண்டு மழை பொழிந்தபோது தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பசியால் நலிந்து மடியும் கதை. இயக்குநர் தாமே ஒன்பது வயதில் ஒகயாமா நகரில் அத்தகைய குண்டுவீச்சினின்று தப்பியவர். படம் முடிந்த பின் நெடுநேரம் விளக்கை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. சான்றுகளைச் சரிபார்க்காமல் எந்தக் குறிப்பையும் மேலே அனுப்பலாகாது என்பது எழுத்தர் பணியின் முதற்பாடம். இருபது ஆண்டுகளாக அலுவலகக் கோப்புகளில் நான் கடைப்பிடித்த அந்நெறியை ஓர் ஆசிரியரின் வாழ்வில் கைவிட்டிருந்தேன்.

நானும் ஒருகால் மாணவன்

என் பிள்ளைப் பருவத்தையும் இங்கே கூற வேண்டும். 1993-ஆம் ஆண்டு, தென்காசிப் பக்கத்துச் சிற்றூரில் பக்கத்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, தூர்தர்ஷனில் 'ஜங்கிள் புக்' பார்த்த தலைமுறை நான். ஓநாய்கள் வளர்த்த மோக்லியின் கதை. குல்சார் எழுதிய இந்திப் பாடலைப் பொருள் தெரியாமலே பாடினோம். பிற்காலத்தில் வேலையின் பொருட்டு வடக்கே வந்தபோது என்னிடம் இருந்த இந்தி ஏறத்தாழ அவ்வளவே. இந்தியாவில் பிறந்த ஆங்கிலேயர் கிப்ளிங் எழுதிய இந்தியக் காட்டின் கதையைப் படமாக்கியவர்கள் ஜப்பானியர் என்பது நாற்பது வயதுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. அதுவும் என் மகள் சொல்லி, அவளுக்கு அவ்வாசிரியர் சொல்லி!

அவ்வூர்ப் பள்ளியில் எங்களுக்குப் புவியியல் நடத்திய ஐயாவுக்குச் சிற்றலை வானொலியில் பெரும் பித்து. பீகிங்கிலிருந்தும் மணிலாவிலிருந்தும் வரும் தமிழ் ஒலிபரப்புகளைக் கேட்டுக் கடிதம் எழுதுவார். அந்நிலையங்கள் அனுப்பும் வண்ண அட்டைகளை வகுப்பிலுள்ள உலகப் படத்தில் அந்தந்த ஊருக்கு நேரே குண்டூசியால் குத்தி வைப்பார். அவர் நடத்திய பாடங்களில் பலவற்றை நான் மறந்துவிட்டேன். மணிலா எங்கே இருக்கிறது என்பதை மறக்கவில்லை. வளர்ந்த மனிதர் ஒருவர், எந்த ஊதியமும் கருதாமல், ஒரு பொருளின்மீது குழந்தைபோல் மகிழ்ச்சி கொள்ள முடியும் என்பதை முதன்முதலில் அவரிடந்தான் கண்டேன். அதனை எந்தப் பாடநூலும் எனக்குக் கற்பித்ததில்லை.

வரலாறு தரும் சான்றுகள்

நாம் வாழும் இந்நகரமே இதற்குச் சான்று கூறும். 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்த சர் சி. வி. இராமன், அலுவலக நேரத்திற்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். இசைக்கருவிகள் எவ்வாறு ஒலி தருகின்றன என்று ஆராய்ந்தார். 'அரசுப் பணியாளருக்கு மாலையில் ஆய்வு எதற்கு?' என்று எவரேனும் முறையீடு எழுதி அவரைத் தடுத்திருந்தால், 1917-இல் இப்பல்கலைக்கழகத்திற்கு ஒரு பேராசிரியரும் 1930-இல் நம் நாட்டிற்கு ஒரு நோபல் பரிசும் கிடைத்திருக்குமா?

இரவீந்திரநாத் தாகூர் ஒரு பள்ளியை நிறுவி நடத்திய ஆசிரியர். 1916-இல் ஜப்பானுக்குச் சென்றவர், அந்நாட்டுக் கலைகளில் உள்ளம் தோய்ந்தார். 1929-இல் சாந்திநிகேதனத்து மாணவர்க்கு ஜூடோ கற்பிக்க ஜப்பானிலிருந்து ஓர் ஆசிரியரை வரவழைத்தார். அறுபதைக் கடந்த பின் தூரிகையைக் கையில் எடுத்து, 1930-இல் பாரிஸில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். ஓர் ஆசிரியரின் ஆர்வம் பாடத்திட்டத்திற்குள் அடங்க வேண்டும் என்னும் விதி அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

நமக்கு இன்னும் நெருங்கிய சான்று ஒன்று உண்டு. சிங்கப்பூரின் தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களுக்குத் தமிழ் கற்பித்தவர் நா. கோவிந்தசாமி. சிறுகதை எழுத்தாளர். இணையம் பொதுமக்களுக்கு அறிமுகமான தொடக்க ஆண்டுகளிலேயே, அதில் தமிழ் எழுத்து தெரிய வேண்டும் என்னும் வேட்கை அவரைப் பற்றிக்கொண்டது. 1999-இல் மறையும் வரை 'கணியன்' என்னும் தம் முயற்சியிலும், தமிழ் இணைய மாநாட்டுப் பணியிலும் அவர் உழைத்தார். இன்று கொல்கத்தாவில் இருந்துகொண்டு ஊரிலுள்ள தாய்க்குத் தமிழில் செய்தி அனுப்புகிறோமே, அந்த வசதிக்காக உழைத்த பலருள் ஓர் ஆசிரியரும் முன்வரிசையில் நிற்கிறார்.

எல்லை உண்டா?

மறுபக்கத்தையும் கூறாவிடின் இக்கட்டுரை நிறைகோல் ஆகாது. ஆசிரியரின் ஆர்வம் வகுப்பின் நேரத்தை விழுங்குமாயின் அது முடத்தெங்கே. ஐயமில்லை. தமக்குப் பிடித்தது மாணவர்க்கும் பிடிக்க வேண்டும் என வற்புறுத்துவதும் தகாது; அது ஆர்வத்தைக் கட்டளையாக்கிவிடும். ஜப்பானியப் படங்கள் அனைத்தும் பிள்ளைகள் பார்க்கத் தக்கவை அல்ல; வயதறிந்து தெரிவு செய்யும் பொறுப்பு ஆசிரியர்க்கு உண்டு. உரிய பொழுதில் மலர்வதுதான் மலர் என்று நன்னூலார் கூறியதில் இவ்வெல்லையும் அடங்கியிருக்கிறது.

ஆயினும் எல்லையைக் காக்கப் புறப்பட்ட நான் என்ன செய்தேன்? அவர் எல்லை மீறினாரா என்று பார்க்கவே இல்லை. அவருக்கு மகிழ்ச்சி தரும் பொருள்கள் உள்ளன என்பதையே குற்றமாக்கினேன். கடமைக்கு உரியது அவருடைய பள்ளி நேரம். மாலைப்பொழுது அவருடையது. அதனையும் கட்டணத்தோடு சேர்த்து வாங்கிவிட்டதாக நாங்கள் எண்ணிக்கொண்டோம்.

இதன் வேர் எங்கே இருக்கிறது என்றும் எண்ணிப் பார்த்தேன். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த குடும்பங்கள் நாம். நமக்கு நிலமில்லை, உறவின் துணையில்லை. பிள்ளையின் மதிப்பெண் ஒன்றே நம் கைமுதல் என்னும் அச்சம் நம் நெஞ்சில் குடிகொண்டிருக்கிறது. அவ்வச்சம் பொய்யன்று. ஆனால் மதிப்பெண்ணாக மாறாத எதுவும் வீண் என்று அது நம்மைச் சொல்ல வைக்கிறது. அப்படியாயின் இச்சங்கம் எதற்கு? அலுவலகம் முடிந்து, நெரிசலில் நின்றபடி பயணம் செய்து வந்து, நாடக ஒத்திகையும் நூலகப் பணியும் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பும் நடத்துகிறோமே, இவற்றால் எந்த எழுத்தருக்குப் பதவி உயர்வு கிடைத்தது? நம் மாலைகளை நாம் நேசிக்கும் ஒன்றுக்குக் கொடுக்கிறோம். நம் பிள்ளைகள் அதனைப் பார்த்தே தமிழ் நேசிக்கத் தக்கது என்று அறிகிறார்கள். நமக்கு அறமாவது அவ்விளைஞருக்கு மட்டும் எவ்வாறு குற்றமாகும்?

ஒரு மாலை அவரைப் பள்ளி வாயிலில் சந்தித்து, கடிதத்தை எழுதியவன் நானே என்று கூறி வருத்தம் தெரிவித்தேன். அவர் சினம் கொள்ளவில்லை. "வகுப்பின் மதிப்பெண் குறைந்திருந்தால் நீங்கள் எழுதியது சரியே. அது குறைந்ததா என்று நீங்கள் கேட்டிருக்கலாம்" என்றார். கேட்டறிந்தேன். குறையவில்லை. இரண்டாவதாக ஒரு கடிதம் எழுதினேன், முதற்கடிதத்தில் கண்ட கருத்துத் தவறானது என்று. இதில் ஒப்பமிட்டவர் நால்வர். ஏனையோர்க்கு அவரவர் அச்சம். அவர்களை நான் குறை கூறேன். அண்மைக்காலம் வரை நானும் அவர்களுள் ஒருவன்.

எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெறலாம். மூடிய முகத்தை அவ்வளவு எளிதில் மலரச் செய்ய இயலாது. சென்ற கிழமை, முக்கோணவியல் பாடத்தின் நடுவே ஒரு படக்காட்சியைப் பற்றி அரை நிமிடம் பேசினார் என்று என் மகள் இரவு உணவின்போது கூறினாள். என்ன காட்சி என்று கேட்டேன். விளக்கிச் சொன்னாள். இம்முறை தேர்வுக்கு வருமா என்று நான் கேட்கவில்லை.

அன்பர்களே, நம் பிள்ளைகளின் ஆசிரியர்களுள் ஒருவர் தோட்டக்கலையில் ஈடுபடலாம். ஒருவர் விண்மீன் பார்க்கலாம். ஒருவர் நமக்குப் பெயரே தெரியாத ஒன்றில் மூழ்கியிருக்கலாம். பாடம் ஒழுங்காக நடைபெறுகிறதா என்று கேட்பது நம் கடமை. அதனைக் கேட்டறிந்த பின், அவர் நேசிக்கும் பொருளைப் பற்றியும் ஒருநாள் கேட்போம். பிள்ளைகள் எதை நேசிக்கப் போகிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. நேசிப்பது எவ்வாறு என்பதையேனும் அவர்கள் கண்ணால் காணட்டும்.